எடை கூடிய உடல்கள்

எங்கள் குடும்பத்தில் யுத்தத்திற்குப் போனவர் என்று பெயர் பெற்றிருந்த ஒரே மனிதரான சின்னத் தாத்தா, இரண்டாம் உலக யுத்தத்தில் ஒரு நாள்கூட எதிரியை நேருக்கு நேர் கண்டவரல்லர் என்பதும், கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்த வாலிபர்களின் சரீரங்களை ஓட்டத்தாலும் தாண்டுதலாலும் கயிறேறுதலாலும் பக்குவப்படுத்திப் பர்மா எல்லைக்கு ரயிலேற்றி அனுப்பிவைத்ததே அவருடைய உத்தியோகமாக இருந்தது என்பதும் எனக்குத் தெரியவந்து வெகுகாலம் ஆகிறது. தெரிந்த மட்டில் திருப்தியடைந்து அந்த விஷயத்தை விட்டிருக்கலாம். விட முடியவில்லை. துப்பாக்கி ஏந்தியவனுக்குத் தன் செயலின் எல்லை தெரியும். அவன் சுட்டான் அல்லது சுடவில்லை, கொன்றான் அல்லது தப்பினான், அதற்குமேல் அவனுடைய மனச்சாட்சி அவனோடு வாதாடிக்கொள்ளும். அவனுக்குத் தோள் வலுவையும் நெடுமூச்சையும் கொடுத்து, மதிலேறக் கற்பித்து, களைத்து விழுந்தபோதெல்லாம் எழுப்பி ஓடச் செய்து, பிறகு ஒரு காலையில் அவனை வழியனுப்பிவிட்டு அடுத்த அணியை வரிசையில் நிறுத்தியவருக்கு அந்த எல்லை எங்கே இருக்கிறது? அவர் பயிற்றுவித்தவர்களில் எவன் பிழைத்தான், எவன் மாண்டான், எவன் பிறரை மாய்த்தான் என்பதில் அவருக்குள்ள பங்கு என்ன? அவர் உயிரோடிருந்த காலத்தில் யாரும் இதை அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அவராகவும் வாய் திறந்ததில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் எல்லாரும் போன பிறகு, அந்தக் கேள்வி என்னிடம் வந்து தங்கியிருக்கிறது.

அவரைப் பற்றி எங்களிடம் எஞ்சியிருப்பவை சொற்பம்: ஒரு நிழற்படம், படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த சான்றுப் புத்தகம், சட்டைப் பையில் அடங்கக்கூடிய ஒரு குறிப்பேடு. நிழற்படத்தில் வெள்ளைப் பனியனும் நீளக் கால்சட்டையும் கான்வாஸ் ஷூவும் அணிந்து, இரு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, தொங்கும் கைகளிலும் ஓர் ஆயத்தம் தெரியும்படி நிற்கிறார். பனியனின் மார்பில் இரண்டு வாள்கள் குறுக்காகக் கிடக்கும் சின்னம். அதை வைத்துக்கொண்டு அவர் படையில் வாள்வித்தை கற்பித்தவர் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார்களுக்கே வாள் வீசச் சொல்லிக் கொடுத்தார் என்றுகூட என் பெரியம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். அந்த வாள்களின் வரலாறு வேறு. கிரிமிய யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குப் பின், 1860-இல், பிரிட்டிஷ் ராணுவம் மேஜர் ஹாமர்ஸ்லி என்பவரையும் அவரோடு பன்னிரண்டு பேரையும் ஆக்ஸ்ஃபோர்டில் தேகப்பயிற்சிக் கூடம் நடத்திவந்த ஆர்ச்சிபால்ட் மக்லாரனிடம் அனுப்பிச் சிட்சை பெறச் செய்தது. மக்லாரன் வாள்பயிற்சியிலும் தேர்ந்தவர்; சிப்பாயின் தேகத்தை முறையாகப் பரிசோதித்து, அளந்து, படிப்படியாக வலுப்படுத்த வேண்டும் என்ற கொள்கையுடையவர். அந்தப் பதின்மூவரிலிருந்து கிளைத்த பயிற்சியாளர் குழுதான் பின்னர் 1940 செப்டம்பரில், யுத்தத்தின் நெருக்கடியான கட்டத்தில், ராணுவத் தேகப்பயிற்சிப் படை என்ற தனிப் பிரிவாக உயர்த்தப்பட்டது. குறுக்கு வாள்கள் அந்தப் பரம்பரையின் அடையாளம். ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு கூடத்தில் தொடங்கிய முறையொன்று, கடல் கடந்து, மலைவாசஸ்தலமான கசௌலியின் பயிற்சிப் பள்ளி போன்ற இடங்களில் இந்தியச் சிப்பாய்களுக்குக் கற்பிக்கப்பட்டு, வட ஆற்காட்டு மானாவாரி நிலக் குடும்பமொன்றில் பிறந்த ஒருவரின் மார்பில் வந்து தைக்கப்பட்டிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பைவிட ஒருவிதக் கலக்கமே மேலோங்குகிறது. எவ்வளவு தூரத்திலிருந்து எவ்வளவு சிரத்தையோடு மனித தேகம் யுத்தத்திற்காகச் சிந்திக்கப்பட்டிருக்கிறது!

இப்படிப்பட்டவரை ஆவணங்களில் தேடுவது சுலபமன்று. யுத்தத்தின் ஞாபகம் இரண்டு வகையினரை மறவாமல் காக்கிறது: பதக்கம் பெற்றவர்களை ஒரு வரிசையிலும், மாண்டவர்களை இன்னொரு வரிசையிலும். பதக்கம் பெற்றவனின் வீரச்செயல் கெஜட்டில் அச்சாகியிருக்கும். மாண்டவனின் பெயரைப் பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணையம் ஏட்டிலும் கல்லிலும் பொறித்திருக்கும். லண்டன் நகரின் புறத்தே க்யூவிலிருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில், தென்கிழக்கு ஆசியக் களத்தில் இயங்கிய பட்டாளங்களின் தினசரி யுத்தக் குறிப்புகள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்த ஓடையை எந்த இரவில் எத்தனை பேர் கடந்தார்கள் என்பதுவரை அவற்றில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த ஓடையைக் கடக்கும்போது ஒருவன் நிலைதவறாமல் நின்றதற்குக் காரணமான கணுக்கால் வலு, பத்து மாதங்களுக்கு முன் வேறொரு மாகாணத்தில் ஒரு பொட்டல் மைதானத்தில் விடியற்காலையில் யாரால் உண்டாக்கப்பட்டது என்பதை எந்தக் குறிப்பும் சொல்வதில்லை. கல்யாணப் பத்திரிகையில் சமையற்காரரின் பெயரை யாரும் அச்சிடுவதில்லை, அதைப் போலத்தான். பயிற்றுவிப்பவரின் வேலை நல்லபடி முடிந்ததென்றால் அது அவரைவிட்டுப் பெயர்ந்து இன்னொருவரின் தசையிலும் மூச்சிலும் கலந்துவிடுகிறது, அந்த இன்னொருவர் எங்கே போகிறாரோ அங்கே போகிறது, அவரோடு மடிகிறது. ஆகையால் சின்னத் தாத்தாவைத் தேடத் தொடங்கிய நான், ஒவ்வொரு முறையும் வேறு யாரையோ தேடிக்கொண்டிருப்பதாக உணர்ந்தேன். சான்றுப் புத்தகத்திலும் அவருடைய உயரம், மார்பளவு, இடது புருவத்தின் மேலுள்ள தழும்பு, நன்னடத்தை ஆகியவை இருக்கின்றனவே தவிர, அவர் செய்தது என்ன என்பதற்கு அதில் ஒற்றை வரிக்கு மேல் இடமில்லை. சிப்பாய்களின் தேகங்களை வருஷக்கணக்கில் அளந்தவரின் சொந்தத் தேகத்தின் அளவே அவருடைய வரலாறாக எஞ்சியிருப்பதில் மனத்தை உறுத்தும் ஏதோ ஒன்று இருக்கிறது.

அவர் சேர்ந்தது மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி நிலையத்தில். இன்று அந்த நிலையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. 1947-இல் அங்கே குடியேறுவதற்கு முன், யுத்த காலத்தில், அது கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில் இருந்தது. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருப்பது போன்ற இடம், ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்று மனிதனை நிற்கவிடாது, சுண்ணாம்புக்கல் பூமி, 1930-களில் அங்கே எழுந்த சிமெண்டு ஆலையின் தூசி வேறு. தர்மலிங்கேசுவரர் குன்றின் பக்கமாக நின்று, வாலிபர்கள் எந்தச் சரிவில் ஓடியிருப்பார்கள் என்று அனுமானிக்க முயன்றிருக்கிறேன். அது வீண் பிரயத்தனம் என்பது தெரிந்தும் நெடுநேரம் அங்கே நின்றேன். அந்த நிலையம் அங்கே உண்டானதற்குப் பின்னால் ஒரு பழைய அவமானம் இருக்கிறது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை வகித்து, பின்பு இந்தியப் படை முழுமைக்கும் தளபதியான ஃப்ரெடரிக் ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாயிடம் போர்க்குணம் வற்றிவிட்டதென்று அபிப்பிராயப்பட்டார். வடமேற்கின் சில இனத்தவரே பிறவியில் வீரர்கள் என்ற கொள்கை அவர் காலத்தில் வேரூன்றியது. அதன் விளைவாகத் தென்னாட்டுப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் மெட்ராஸ் ரெஜிமென்டே கலைக்கப்பட்டது. பெங்களூரிலிருந்த சாப்பர் என்ற பொறியியல் படை மட்டும் தன் தொழில்திறத்தால் நிலைத்தது. 1939-இல் சுமார் 2 லட்சமாக இருந்த இந்தியப் படை, கட்டாயச் சேர்ப்பு எதுவுமின்றி, 1945-இல் 25 லட்சமாகப் பெருகியபோது, பிறவி வீரம் பற்றிய சாஸ்திரமெல்லாம் ஒதுக்கிவைக்கப்பட்டு, அந்த ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. வேண்டாமென்று தள்ளிய தேகத்தை வேண்டுமென்று அழைத்தார்கள். அது தகுதியான தேகம்தான் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு சின்னத் தாத்தாவைப் போன்றவர்கள்மீது விழுந்தது. அவர் அந்தப் பொறுப்பைப் பெருமையாக ஏற்றுக்கொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருடைய நிற்கும் நிலையே அதைச் சொல்கிறது. அந்தப் பெருமையை இன்று இவ்வளவு தூரத்திலிருந்து நான் குறைகூறினால் அது நியாயமாகாது. ஒருவன் தன் ஜனங்களின் தோளும் காலும் பிறருக்கு இளைத்தவையல்ல என்று காட்ட விரும்பியதில் என்ன தவறு? ஆனால் அதைக் காட்டுவதற்குக் கிடைத்த மேடை எது என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தேட்டம் முழுவதும் கடைசியில் அதில்தான் வந்து நின்றது. முற்பகுதியில் ஆங்கில எழுத்தில் பயிற்சிகளின் வரிசைகள்: கை வீச்சு, முதுகு வளைவு, மரக்குதிரை தாண்டுதல், கயிறு, கனப்பந்து, ஆறு பேர் சேர்ந்து தூக்கும் மரத்தண்டு. இடையிடையே தமிழில் தண்டால், பஸ்கி, கர்லா என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். (கர்லாக்கட்டை இங்கிருந்து போய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பட்டாளங்களின் பயிற்சியில் இடம்பெற்று, அவர்களுடைய கையேடுகள் வழியாக இங்கேயே திரும்பி வந்த பொருள்; எங்கள் ஊர்க் கோயில் பின்கட்டில் சிறுவயதிலேயே அதைச் சுழற்றியவருக்கு, அதை எப்படிப் பிடிக்க வேண்டுமென்று ஒரு ஸ்காட்லாந்து சார்ஜெண்ட் கற்பித்திருக்கக் கூடும்.) பிற்பகுதியில் வேறொன்று தொடங்குகிறது. பக்கத்திற்குப் பக்கம், ஒரு பெயரின் முதல் எழுத்து, ஓர் ஊரின் பெயர், இரண்டு எண்கள். முதலெண் நூறை ஒட்டியும் அதற்குக் கீழும், இரண்டாமெண் அதைவிடப் பத்துப் பன்னிரண்டு கூடுதலாகவும். வெகுநேரம் பார்த்த பிறகே அவை ராத்தல் கணக்கு என்பது விளங்கியது: முகாமில் வந்து சேர்ந்த அன்றைய எடை, சில மாதங்களுக்குப் பின்னைய எடை. 97, 109. 101, 114. 94, 107. இதை எழுதிவைக்கும்படி அவருக்கு யாரும் உத்தரவிட்டிருக்க முடியாது. அப்படிப்பட்ட கணக்குக்குச் சர்க்கார் படிவங்கள் இருந்தன, வைத்தியர்கள் இருந்தார்கள். இது அவர் தமக்காக வைத்துக்கொண்ட கணக்கு.

அந்த எண்களுக்குப் பின்னாலிருக்கும் வருஷங்களை நினைத்துப் பார்த்தால் அவை வெறும் எண்களாக இருப்பதில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. அதோடு பர்மா அரிசி நின்றது. சென்னை மாகாணத்தில் தானியம் அருகியது, விலை ஏறியது, பங்கீடு வந்தது. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் மலைகளையும் காடுகளையும் கால்நடையாகக் கடந்து வந்தார்கள். அவர்களில் நம் ஜனங்கள் எத்தனையோ பேர். 1943-இல் வங்காளத்தில் பஞ்சத்தாலும் அதன் பின்வந்த நோய்களாலும் மாண்டவர்கள் 30 லட்சம் பேர்வரை என்று மதிப்பிடுகிறார்கள். அந்த வருஷத்தில்தான் மதுக்கரையில் வாலிபர்கள் பன்னிரண்டு ராத்தல் கூடினார்கள். படையில் சேர வந்தவர்களில் பலர் எடை குறைந்தவர்களாயிருந்ததும், முகாமின் உணவில் சில மாதங்களிலேயே தேறியதும் அக்காலத்து ராணுவ வைத்தியர்களே கண்ட விஷயம். அவர்களுக்கு வேளாவேளைக்குச் சோறும் பருப்பும் கறியும் பாலும் நெய்யும் கிடைத்தன. வீட்டில் அவர்களுடைய தாய்மாரும் தங்கைகளும் கேழ்வரகுக் கூழுக்கு வரிசையில் நின்றார்கள். சின்னத் தாத்தா அந்த வாலிபர்களை ஓடவிட்டார், தாண்டவிட்டார், கயிறேறவிட்டார். ஆனால் அவருடைய வித்தை எவ்வளவு சிறந்ததாயிருந்தாலும் உண்ணாத உடலில் அது எதை எழுப்பியிருக்கும்? அவருடைய மாணவர்களுக்கு உண்மையான பயிற்சியை அளித்தது முகாமின் சமையற்கட்டு. அதை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. எத்தனை அடி தாண்டினான், எத்தனை நிமிஷத்தில் ஓடினான் என்று எழுதாமல் எடையை எழுதிய மனிதர் அவர்.

இங்கேதான் என் சங்கடத்தின் மையம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அரைவயிறு உண்ட ஒருவனுக்கு முதன்முறையாக வயிறாரப் போட்ட சர்க்கார், அவனைக் கொல்லக் கற்பித்து, கொல்லப்படக் கூடிய இடத்திற்கு அனுப்புவதற்காகவே போட்டது. அவன் மேனியில் ஏறிய பன்னிரண்டு ராத்தல் சதையும் அவனுடையதாகவே இருந்ததா, கடனாகக் கொடுக்கப்பட்டதா? அவன் அதைக் கடனாக நினைக்கவில்லை என்றே நினைக்கிறேன். சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பி, விடுமுறையில் புது அங்கவஸ்திரத்தோடு வந்து நின்ற அந்தச் சிப்பாய்களைப் பற்றி எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் மதிப்போடுதான் பேசுகிறார்கள். வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையைப் பட்டாளத்து ஊர் என்றே சொல்கிறார்கள். தீண்டாமையால் ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து போன ஒருவனுக்குப் படையின் சீருடை எத்தகைய நிமிர்வைக் கொடுத்திருக்கும் என்பதை, அந்த ஒதுக்கலை அனுபவிக்காத எவரும் அளவிட முடியாது. ஆகவே நன்றியும் குற்றமும் ஒரே கவளத்தில் பிசைந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் சக்தி எனக்கில்லை. சின்னத் தாத்தா எடையைக் குறித்தது என்ன மனோபாவத்தில் என்று பலவாறாக யோசித்திருக்கிறேன். தம் கையால் ஒரு பயல் தேறியதைக் கண்ட சந்தோஷமாக இருக்கலாம். தாயொருத்தி தன் மகனைப் பார்த்து ‘சதை போட்டிருக்கிறான்’ என்று மகிழ்வதற்கு நிகரானதாக இருக்கலாம். அல்லது, அனுப்பிவைத்த பிறகு நினைவுகூர ஒரு பிடி வேண்டுமென்று அவர் தேடியதாக இருக்கலாம். ஏனெனில் முழுப் பெயரை எழுதாமல் முதல் எழுத்தையும் ஊரையும் மட்டும் எழுதியவர், பிறருக்கு விளங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதவில்லை.

அவர் சார்பில் வாதாட என்னிடம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. அதை மறைப்பதற்கில்லை. 1943-இன் தொடக்க மாதங்களில் பர்மாவின் அரக்கானில் நடந்த தாக்குதல் தோல்வியில் முடிந்ததற்குப் போதிய பயிற்சியின்றி வாலிபர்களைக் காட்டுக்குள் அனுப்பியதும் ஒரு முக்கியமான காரணம். அந்த வருஷம் ஜூனில் கூடிய காலாட்படைக் குழு, புதியவர்களுக்கு ரெஜிமென்ட் நிலையத்தில் ஒன்பது மாத அடிப்படைப் பயிற்சியும், அதன்பின் சிந்த்வாராவிலும் சகரன்பூரிலும் அமைந்த பயிற்சி டிவிஷன்களில் இரண்டு மாதக் காட்டுப் பயிற்சியும் வேண்டுமென்று வற்புறுத்தியது. பர்மாக் களத்தில் பதினான்காம் சேனையை நடத்திய வில்லியம் ஸ்லிம் பின்னாளில் எழுதியதன்படி, 1943-இல் காயமுற்று அப்புறப்படுத்தப்பட்ட ஒவ்வொருவனுக்கும் நோயுற்று அப்புறப்படுத்தப்பட்டவர்கள் 120 பேர். மலேரியாவும் சீதபேதியும் துப்பாக்கியைவிட அதிகமாக வேட்டையாடிய அந்தக் காட்டில், முன்னரே தேறியிருந்த தேகத்துக்கு ஒரு வாய்ப்பு அதிகம். கூடிய பன்னிரண்டு ராத்தலும் ஒருவனை ஜுரத்திலிருந்து கரையேற்றியிருக்கலாம். அப்படியானால் சின்னத் தாத்தா உயிர்களைக் காத்தவர். இந்த வாதத்தை நான் பலமுறை எனக்குள்ளே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது சரியாகவே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதில் எனக்கு நம்பிக்கை குறைகிறது. சொந்தக்காரனுக்காக இவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு எழுதக் கூடியவனை எந்த நியாயஸ்தலத்திலும் நீதிபதியாக உட்கார வைக்கமாட்டார்கள். நான் தேடுவது அவருடைய வரலாற்றையா, அவருக்கு ஒரு மன்னிப்பையா என்ற ஐயம் அப்போது எழுகிறது. மன்னிப்பைத் தேடுகிறவன் கிடைத்த சான்றுகளையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்துவிடுவான்.

மேலும், சான்றுப் புத்தகத்தின் ஒரு வரி அந்த வாதத்தை முடியவிடுவதில்லை. கடைசி வருஷத்தில் அவர் நோய் தேறுவோர் முகாமொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கிறார். அக்காலத்தில் தேகப்பயிற்சி ஆசிரியர்களை அத்தகைய முகாம்களில் நியமித்தார்கள். குண்டு துளைத்த தோளை மறுபடி உயர்த்தவும், பல மாதம் கட்டிலில் கிடந்து சூம்பிய காலை மறுபடி ஊன்றவும் கற்பிப்பது அவர்கள் வேலை. இங்கிலாந்தில் அந்த ஆசிரியர்களிலிருந்தே சிகிச்சைப் பயிற்சியாளர் என்ற தனித் தொழிலினர் தோன்றினார்கள். ஆகவே சின்னத் தாத்தா, தாம் அனுப்பிய தேகங்கள் எந்த நிலையில் திரும்பி வருகின்றன என்பதை அறியாமல் இருந்தவரல்லர். மைதானத்தில் முழுமையாக்கியதைக் கூடத்தில் உடைந்த நிலையில் பார்த்திருக்கிறார். அங்கே வந்தவர்களில் மதுக்கரையில் அவரிடம் கயிறேறியவன் ஒருவன்கூட இருந்திருக்க மாட்டானா? அவனை மறுபடி நடக்கவைத்த பிறகு, தேறியவனென்று சான்று கொடுத்து மறுபடி பட்டாளத்துக்கு அனுப்ப வேண்டியதாகத்தானே இருந்திருக்கும்? ஒருவனுடைய வேதனையைத் தணிப்பதும் அவனை மறுபடி வேதனைக்குத் தகுதியாக்குவதும் ஒரே காரியமாக அமைந்துவிட்ட இடத்தில் நிற்கும் மனிதர், தன் கடமையைச் சரிவரச் செய்வதா, கொஞ்சம் தாமதித்துச் செய்வதா? இந்தக் காலத்துக்குரிய கணக்கு குறிப்பேட்டில் இல்லை. எடைகள் 1944-இன் பிற்பகுதியோடு நின்றுவிடுகின்றன. பக்கங்கள் மிச்சமிருக்கின்றன, அவர் எழுதவில்லை.

யுத்தம் முடிந்து படையைக் குறைத்தபோது விடுவிக்கப்பட்டு வந்தவர், அவரைப் போன்ற பலரும் செய்தபடியே, ஜில்லா போர்டு பள்ளியொன்றில் டிரில் வாத்தியாராகச் சேர்ந்தார். ஹாரி க்ரோ பக் 1920-இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியில் படித்துப் பட்டயம் பெற்றவர்கள் நகரத்துப் பள்ளிகளுக்குப் போனார்கள்; கிராமப் பள்ளிகளுக்குப் பட்டாளத்திலிருந்து திரும்பிய இத்தகைய ஹவில்தார்கள் வாய்த்தார்கள். அந்தத் தலைமுறையின் தமிழ்ப் பையன்கள் நேராக நிற்கக் கற்றது இவர்களிடம். அட்டென்ஷன், ஸ்டாண்டட்டீஸ் என்ற குரல்கள் புளியமரத்தடிகளில் ஒலித்தது இவர்களால். யுத்தத்தின் தேகசாதனை எவ்வளவு அமைதியாக நம் பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்து குடியேறியது என்பதைப் பற்றி இன்னும் யாரும் விரிவாக எழுதாதது குறைதான். சின்னத் தாத்தாவிடம் பயின்ற முதியவர் ஒருவரை நான் சந்தித்தேன். அவர் சொன்னவற்றில் ஒன்று என்னை வெகுவாக அசைத்தது. காலை வகுப்பில் வரிசை நின்றதும் வாத்தியார் முதலில் கேட்பது ‘சாப்பிட்டாயாடா?’ என்பதுதானாம். பதில் சொல்லத் தயங்குகிறவனை அதட்டாமல், மர நிழலில் உட்காரவைத்து, மற்றவர்களின் செருப்பையும் துண்டையும் பார்த்துக்கொள்ளும் வேலையை அவனுக்குக் கொடுப்பாராம், அவமானமாகத் தோன்றாதபடி. பிற்பாடு, 1950-களின் நடுவில் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்தபோது, சமையற்கூடத்தின் பக்கத்தில் தினமும் போய் நின்று ஒவ்வொரு பையனின் தட்டையும் பார்த்துவிட்டு வருவாராம். ‘டிரில்லைவிட அதில்தான் சாருக்கு அக்கறை’ என்றார் அந்த முதியவர். சோறு போட்டவர்கள் பிரதியாக எதையும் கேட்காத அந்த மதிய உணவைப் பார்த்து அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று எண்ணுகிறேன். ஆனால் என் எண்ணத்தை அவருடைய எண்ணமாக எழுதிவிட எனக்கு உரிமையில்லை.

அதே முதியவர்தான் இன்னொன்றையும் சொன்னார். 1962-இல் சீன யுத்தம் வந்தபோது ஊரெங்கும் உற்சாகம். அவரும் அவருடைய தோழர்கள் மூவரும் படையில் சேரத் தீர்மானித்து, தங்களைத் தயார் செய்யும்படி வாத்தியாரிடம் போய் நின்றார்கள். அவர் மறுத்துவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். மறுத்திருந்தால் என் கட்டுரைக்கும் என் மனத்துக்கும் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! அவர் மறுக்கவில்லை. விடியற்காலையில் எழுப்பி ஓடவிட்டார், ஏரிக்கரையில் ஏறவிட்டார், மார்பை நாடாவால் அளந்து, மூச்சை இழுக்கக் கற்பித்தார். இருவர் தேர்வானார்கள், இவர் பார்வைக் குறையால் தள்ளப்பட்டார். ஆள் சேர்க்கும் இடத்துக்குப் புறப்பட்ட அன்று, வாத்தியார் அவர்களை ரயிலடிவரை கொண்டுவந்து விட்டாராம். வழிநெடுக ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். ‘கோபமாயிருந்தாரா?’ என்று கேட்டேன். ‘கோபமில்லை தம்பி, அவர் எப்பவுமே அப்படித்தான்’ என்றார். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. மௌனத்துக்குள் பொருளைத் திணிப்பது எழுதுகிறவர்களின் பலவீனம். பேசாத மனிதரெல்லாம் பச்சாத்தாபப்படுகிறவர் என்று கொள்வதற்கில்லை.

ரங்கூனுக்கு வடக்கே தாக்யான் என்ற இடத்தில் உள்ள யுத்த நினைவாலயத்தில், பர்மாவில் மடிந்து, கல்லறை அறியப்படாத சுமார் 27,000 சிப்பாய்களின் பெயர்கள் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. யுத்தக் கல்லறை ஆணையத்தின் ஏடுகளில் இந்தியச் சிப்பாயின் பெயருக்கு எதிரே பல இடங்களில் தகப்பனார் பெயரும், மனைவி இருந்தால் அவள் பெயரும், கிராமமும் ஜில்லாவும் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்டின் பெயர்களை நான் குறிப்பேட்டின் ஊர்களோடு ஒப்பிட்டுக்கொண்டு வருகிறேன். பெரும்பாலும் எதுவும் பொருந்துவதில்லை. பொருந்தாத ஒவ்வொரு பெயரிலும் ஒரு நிம்மதி உண்டாகிறது, அந்த நிம்மதி வெட்கத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது, ஏனென்றால் அவனும் ஒருவருடைய மகன், வேறு யாரோ ஒருவரிடம் ஓடக் கற்றவன். ஒன்று மட்டும் பொருந்தியிருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கிராமம். பெயரின் முதல் எழுத்தும் அதுவே. ஒரே கிராமத்திலிருந்து அதே எழுத்தில் தொடங்கும் பெயருடைய இருவர் சேர்ந்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் அந்த எழுத்தில் தொடங்காத பெயர்கள்தான் குறைவு. ஆகையால் இது நிரூபணமன்று. ஆனாலும் அறுவடை முடிந்ததும் அந்தக் கிராமத்துக்குப் போவதாகத் தீர்மானித்திருக்கிறேன். அந்தப் பெயருக்குரிய வீட்டார் யாரேனும் இருந்தால், அவர்களிடம் என்னால் கொடுக்கக்கூடியவை இரண்டே எண்கள்: உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடிய ஒருவர் மதுக்கரைக்கு வந்தபோது 96 ராத்தல், அங்கிருந்து போனபோது 110. அதை எழுதிவைத்தவர் இன்னார், அவர் எனக்கு இன்ன உறவு என்பதையும் சொல்வேன். சின்னத் தாத்தாவின் பங்கு என்ன என்பதை அவர்கள் விரும்பினால் சொல்லட்டும். என்னைத் திண்ணையில் உட்காரச் சொல்வதும் போய்வரச் சொல்வதும் அவர்களுடைய உரிமை.